வாயிலில் கேட்ட தண்ணீர்

இவ்வேட்டில் எழுதும் அன்பர்கள் பெரும்பாலும் பிறரிடம் கண்ட குறைகளை எடுத்துரைப்பது வழக்கம். நானும் அவ்வாறே எழுதி வந்தவன்தான். இம்முறை என்னிடம் கண்ட குறையொன்றை எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புனேயில் வாழும் எனக்கு, இதைச் சொல்லிக்கொள்ள நம் சங்கத்தாரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

2020-ஆம் ஆண்டு மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது. அப்பொழுது நான் எங்கள் சொசைட்டியின் செயலாளர். குடியிருப்பவர்களில் முதியோர் பலர். ஆகவே அச்சமும் மிகுதி. அரசு விதித்தவை சில. அவற்றோடு நாங்கள் சேர்த்தவை பல. வெளியார் எவரும் வாயிலைத் தாண்டலாகாது. உள்ளிருந்து உணவோ நீரோ வெளியே கைமாறலாகாது. காவலர் வெளியாரை நெருங்கலாகாது. இவ்வாறு ஒன்பது விதிகளை நானே எழுதிக் கையொப்பமிட்டு வாயிலில் ஒட்டினேன். உள்ளதைச் சொன்னால், அக்கையொப்பத்தைப் பார்க்கையில் எனக்குச் சற்றுப் பெருமிதமும் இருந்தது.

ஏப்ரல் நடுவில் ஒரு நண்பகல். எங்கள் வீட்டில் பதினோர் ஆண்டுகள் வேலை செய்த அம்மையார், பேருந்து இல்லாமையால் சந்து சந்தாக நடந்தே வந்து வாயிலில் நின்றார். கூடவே ஆறு வயதுப் பேத்தி. மாதச் சம்பளத்திற்காக வந்திருந்தார். நான் பணத்தை உறையிலிட்டு, வாயிலருகே நாற்காலியில் வைத்துவிட்டு விலகி நின்றேன். எடுத்துக்கொண்டார். பின்பு, "அண்ணா, குழந்தைக்குக் கொஞ்சம் தண்ணீர்" என்றார்.

மராட்டியரும் மூத்தவனை அண்ணா என்று அழைப்பதுண்டு. அச்சொல் நம் சொல்லாகவே என் காதில் விழுந்தது. ஆயினும் நான் ஒட்டியிருந்த தாளைச் சுட்டிக்காட்டி, "விதி அப்படி இருக்கிறது, நான் என்ன செய்வேன்?" என்றேன். மராட்டியில் சொன்னதை இன்று தமிழில் எழுதும்போதுதான் ஒன்று புலப்படுகிறது. நம் மொழியில் விதி என்றால் சட்டம். விதி என்றால் ஊழும்கூட. தானே எழுதிய ஒன்றைத் தலையில் எழுதியது போலச் சொல்வதற்கு எவ்வளவு வசதியான சொல்!

அவர் ஒன்றும் பேசாமல் திரும்பினார். மாடிக்கு வந்து பார்த்தேன். வாயிற்காவலனாக இருந்த பீகார் இளைஞன் தெருமுனை வரை ஓடி, தன் சொந்தப் பாட்டில் நீரைக் குழந்தையிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். அன்று மாலை காவல் பதிவேட்டில், "விதி ஏழு மீறப்பட்டது" என்று எழுதினேன். அடுத்த வாரம் அவன் இல்லை. காவலாட்களை அனுப்பும் நிறுவனம் அவனை மாற்றிவிட்டது. பயணிகள் இரயில் ஓடாத மாதம் அது. அவன் எங்கே போனான் என்று நான் கேட்கவில்லை. எழுதியவன் நான், படித்தவர் ஒருவர், மாற்றியவர் மற்றொருவர். மூவரும் விதிப்படியே நடந்தோம்.

அவ்வாண்டு மே 8 அன்று, ஜால்னாவிலிருந்து இருப்புப்பாதை வழியே ஊர் திரும்பப் புறப்பட்ட தொழிலாளர் பதினாறு பேர், அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அயர்ந்து உறங்குகையில் சரக்கு இரயில் ஏறி மாண்டனர். செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த இளைஞனின் முகமே நினைவுக்கு வந்தது.

வீட்டில் அடைபட்டிருந்த நாள்களில் இந்நகரின் பழைய வரலாற்றைப் படித்தேன். 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக், விரைவில் பூனாவுக்கும் பரவிற்று. 1897 பிப்ரவரியில் ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டம் இயற்றிற்று. 2020-இல் கையாளப்பட்டதும் அதே சட்டமே. மிகச் சிறிய சட்டம். அதன் நான்காம் பிரிவு, இச்சட்டத்தின்படி நல்லெண்ணத்துடன் செய்த எச்செயலுக்காகவும் எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது என்கிறது.

பூனாவில் பிளேக் தடுப்புப் பணிக்கு ராண்ட் என்ற அதிகாரி வந்தார். படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்தனர். நோயுற்றோர் மருத்துவமனைக்கும் உடனிருந்தோர் தனிமுகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர், உடைமைகள் எரிக்கப்பட்டன. ராண்டின் நோக்கம் உயிர்களைக் காப்பதே. ஆனால் மக்கள் நோயைவிடச் சோதனைக்கு அஞ்சி நோயாளிகளை ஒளித்தனர். அவ்வாண்டு ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். அக்கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. கருணையற்ற காவல், காக்க வந்த உயிர்களையே பகையாக்கிக்கொள்ளும் என்பதைத்தான் சொல்கிறேன்.

அதே ஆண்டில், அதே ஊரில், வேறொருவரும் பிளேக்கை எதிர்த்து நின்றார். அவர் சாவித்திரிபாய் புலே. நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தம் முதுகில் சுமந்து, மருத்துவரான தம் மகனின் சிகிச்சை நிலையத்தில் சேர்த்தார். அந்நோய் தமக்கும் தொற்றி மார்ச் 10 அன்று மறைந்தார். எல்லோரும் அவரைப்போல உயிரை ஈய வேண்டுமென்பதில்லை. ஒரு குவளைத் தண்ணீரை நாற்காலியில் வைத்துவிட்டு விலகி நிற்க என்னால் முடிந்திருக்கும். பணத்தை அப்படித்தானே வைத்தேன்?

விதிகள் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. எங்கள் முதியோரில் சிலரை அவை காத்திருக்கவும் கூடும். ஆனால் கடுமையாக நடந்தவனுக்குச் சட்டத்தில் காப்பு இருக்கிறது. இரக்கத்தால் விதியைச் சற்றே வளைத்தவனுக்கோ காப்பு இல்லை, பதிவேட்டில் பழிதான் உண்டு. இந்நிலையில் நல்லவர்களும் மெல்ல மெல்லக் கல்லாகிறார்கள்.

மறு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பத்தாவது விதியொன்றை முன்மொழிந்தேன்: வாயிலில் நிற்பவரின் தாகமோ நோயோ முதுமையோ கண்டு காவலர் தம் மனச்சான்றின்படி உதவலாம்; அதற்காக அவரிடம் விளக்கம் கேட்கப்படாது. "பாதுகாப்பு என்னாவது?" என்று இருவர் எதிர்த்தனர், எனினும் நிறைவேறியது. இன்று வாயிலின் வெளிப்புறத்தில் மண்பானை ஒன்றும் இருக்கிறது. அம்மையாரும் வேலைக்குத் திரும்பினார். அந்த நண்பகலைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அந்த இளைஞனைத் தேட முயன்றேன். பெயரைச் சொன்னால் பார்க்கிறோம் என்றனர் நிறுவனத்தார். பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். நான் அவன் எண்ணை மட்டுமே எழுதியிருந்தேன்.