முழங்காற் பிணைநார்

கண்ணைப் பாடிய புலவர் பலர். நெஞ்சைப் பாடியவர் அவரினும் பலர். முழங்காலைப் பாடினாரை யாம் கண்டிலோம். படியேறவும் பணியவும் ஓடவும் உட்காரவும் நாள்தோறும் துணைபுரியும் இவ்வுறுப்பு, நோவாத வரையில் எவர் நினைவிற்கும் வருவதில்லை. நொந்த பின்னரோ வேறொன்றும் நினைவிற்கு வருவதில்லை.

எமக்கும் அவ்வாறே நேர்ந்தது. முதலாண்டில் விடுதி மாணவர்களுக்குள் நிகழ்ந்த சடுகுடுப் பந்தயத்தில், எமது இடது முழங்காலின் வெளிப்புறத்தே ஒருவர் வந்து விழ, கால் உட்புறமாக வளைந்து நொந்தது. அதே பருவத்தில் எம் அறைத்தோழர், பாடிச் சென்றவர், கோட்டை நோக்கிச் சட்டெனத் திரும்புகையில், எவரும் தொடாதிருக்கவே, முழங்காலினுள் 'டப்' என்றோர் ஓசையெழக் கீழே வீழ்ந்தார். சில நாழிகைக்குள் அது பெரிதும் வீங்கிற்று. எங்கள் இருவரையும் கண்டவர்கள், "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று ஒரே சொல்லால் முடித்தனர். ஆயினும் எமது கால் மூன்று திங்களுக்குள் நேராயிற்று, தோழருடையது ஆகவில்லை. ஒரு கையகலத்துள் அடங்கிய இரு நார்களுள் ஒன்று தானே கூடுவதற்கும் மற்றொன்று கூடாமைக்கும் காரணம் என்னை? இவ்வினாவே எம்மை உடற்கூற்று நூல்களின்பாற் செலுத்திற்று. அவற்றுள் அறிந்தவற்றை அன்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைப்போம்.

அம்மியின்மேற் குழவி உருள்வதுபோலத் தொடையெலும்பின் உருண்ட முனைகள் கணைக்காலெலும்பின் தட்டையான தலைமேல் உருண்டும் வழுக்கியும் இயங்குகின்றன. இவ்விரண்டும் ஒன்றைவிட்டொன்று விலகாவண்ணம் கட்டி நிற்பவை நான்கு பிணைநார்கள். உட்புறத்தே ஒன்றும் வெளிப்புறத்தே ஒன்றுமாக இரண்டு பக்கநார்கள்; மூட்டின் நடுவே சிலுவைபோல் ஒன்றையொன்று குறுக்கிடும் முன் குறுக்குநார், பின் குறுக்குநார் என இரண்டு. எமக்கு ஊறுபட்டது உட்பக்கநார். தோழர்க்கு அறுந்தது முன் குறுக்குநார். இவையன்றி, எலும்புகளின் இடையே மெத்தைபோற் கிடக்கும் பிறைவடிவக் குருத்துகளும் உள. மக்கள் வழக்கில் இவையனைத்தும் 'ஜவ்வு' என்னும் ஒரே பெயராற் குறிக்கப்படுதலின், வெவ்வேறு நோய்களும் ஒன்றென மயங்கப்படுகின்றன.

பிணைநாரின் அமைப்பு வியக்கத்தக்கது. தென்னைநாரைப் புரியாக்கிப் புரிகளைக் கயிறாக்குவதுபோல், கொலாஜன் என்னும் புரதத்தின் நுண்ணிழைகள் கற்றையாகி, கற்றைகள் சேர்ந்து நாராகின்றன. நாரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர். எஞ்சியதிற் பெரும்பகுதி கொலாஜன். ஓய்வுநிலையில் இவ்விழைகள் சற்றே நெளிந்து கிடக்கும். மெல்ல இழுத்தால் நெளிவு மட்டும் நிமிரும். மேலும் இழுத்தாற்றான் இழைகள் தம் முழு வலியுடன் எதிர்த்து நிற்கும். இளைஞரது முன் குறுக்குநார் மூன்று செண்டிமீட்டர் அளவு நீளமே உடையது. ஆயினும் அதனை அறுக்க ஏறத்தாழ 200 கிலோகிராம் பாரத்திற்கு ஒப்பான இழுவிசை வேண்டும் என்று 1991-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. இழைகளின் இடையே வரிசையாக அமர்ந்த சில உயிரணுக்களே இந்நாரை நெய்வனவும் பேணுவனவும் ஆம். நாரினுள் நரம்பு முனைகளும் உண்டு. மூட்டு எவ்வளவு மடங்கியுள்ளது, எப்பக்கம் சாய்கின்றது என்பதை அவை மூளைக்கு அறிவிக்கின்றன. ஆதலின் பிணைநாரை வெறுங்கயிறு என்றெண்ணுதல் பொருந்தாது, அஃதோர் உணர்கருவியுமாம்.

இனி, அது கூடும் வகையைக் காண்போம். உட்பக்கநார் மூட்டறைக்குப் புறத்தே, இரத்தக் குழாய்கள் நிறைந்த மென்றசைகளின் நடுவே உள்ளது. அது கிழிந்தவுடன் கசியும் குருதி உறைந்து, பிளவின் இரு கரைகட்கும் பாலமாகின்றது. முதற் சில நாட்கள் வீக்கமும் வெப்பமும் நிலவும். வெள்ளணுக்கள் வந்து சிதைந்தவற்றை அகற்றும். அடுத்த சில வாரங்களில் நார் நெய்யும் உயிரணுக்கள் பெருகி, புதிய கொலாஜனை ஒழுங்கின்றி இடும். பின்னர்ப் பல திங்கள், சிலர்க்கு ஓராண்டிற்கு மேலும், அவ்விழைகள் இழுவிசையின் திசைநோக்கிச் சீர்பெறும். ஆயினும் முடிவில் அமைவது தழும்பேயன்றிப் பண்டைய நார் அன்று. அதன் இழைகள் மெல்லியன, ஒழுங்கும் முன்போலிராது. அளவிற் பருத்தே அது தன் குறையை ஒருவாறு ஈடுசெய்கின்றது.

முன் குறுக்குநாரின் நிலை வேறு. அது மூட்டறையின் நடுவே, மூட்டுநீர் சூழ உள்ளது. அறுந்தவிடத்துக் குருதி கசிந்தாலும், மூட்டுநீரிலுள்ள பிளாஸ்மின் என்னும் நொதி அவ்வுறைவைக் கரைத்துவிடுகின்றது. பாலமின்மையால், நெய்யவந்த உயிரணுக்கட்கு நிற்க இடமில்லை. காலம் செல்லச் செல்ல அறுந்த முனைகளின்மேல் மெல்லிய உறை படர, அவை பிரிந்தே நின்றுவிடுகின்றன. நெய்யும் தொழிலை அந்நார் அறியாததன்று. அதற்குத் தறியே அமையவில்லை எனலாம்.

இக்குறையை நீக்க மருத்துவர் நெடுங்காலம் முயன்றனர். 1895-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்பார், சுரங்கத் தொழிலாளர் ஒருவரின் அறுந்த குறுக்குநார்களைத் தைத்தார். 1917-இல் பிரிஸ்டல் நகரின் ஹே குரோவ்ஸ், தொடையின் உறைநாரைக் கொண்டு புதுநார் அமைத்தார். இக்காலத்தே நோயாளியின் தொடைத் தசைநாரையோ முழங்காற்சில்லின் கீழுள்ள தசைநாரையோ எடுத்து அவ்விடத்தில் நடுதல் பெருவழக்கு. நட்ட நாரும் முதலில் உயிரணுக்களை இழந்து நலிந்து, பின்னர்ப் புதிய குழாய்களும் உயிரணுக்களும் புகப்பெற்று, ஓராண்டளவிலும் அதற்கு மேலும் மெல்லமெல்லப் பிணைநாராக மாறும். வலி நீங்கி நோயாளி நலமென்றெண்ணும் முதற் சில திங்களிலேயே நார் மிக மெலிந்திருக்கக்கூடும் என்பது உற்றுநோக்கத்தக்கது. அறுந்த நாரையே கூட்டுவிக்கும் பொருட்டு, குருதியில் தோய்ந்த கொலாஜன் பஞ்சினை இடையே வைக்கும் முறைக்கு 2020-இல் அமெரிக்க அரசின் இசைவு கிடைத்தது.

எல்லார்க்கும் கத்தி வேண்டுவதும் அன்று. சுவீடன் நாட்டில் 121 இளைஞர்களைக் கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சி 2010-இல் வெளியாயிற்று. உடனே அறுவை செய்துகொண்டவரும், பயிற்சியைத் தொடங்கி வேண்டின் பின்னர் அறுவை செய்துகொள்ளலாம் என்றிருந்தவரும் ஈராண்டின் பின் ஏறக்குறைய ஒத்த நலமே உற்றிருந்தனர். அறுவையின்றியே இருந்தவருட் சிலரது நார் கூடியிருந்த அடையாளம் எம்.ஆர்.ஐ. படங்களிற் காணப்பட்டதாக 2022-இல் மீளாய்ந்தோர் உரைத்தனர். ஆகவே இந்நார் ஒருகாலும் கூடாது என்னும் பழங்கூற்றும் தளரத் தொடங்கியுள்ளது.

எம் தோழர்க்கோ மூட்டு அடிக்கடி நழுவியது. விளையாட்டுத் திறத்தால் காவல்துறையில் வேலை பெற்றுக் குடும்பத்தைத் தாங்கலாம் என்பது அவரது நெடுநாள் நம்பிக்கை, தந்தையார்க்கும் அஃதே. ஆதலின் அறுவை செய்துகொண்டார். நான்காந் திங்களில் நொண்டாமல் நடந்தார். ஊர்க் குழுவின் மூத்தவர் ஒருவர் வந்து, "நன்றாகத்தானே நடக்கிறாய், தம்பி! ஒரே ஒரு பந்தயம் ஆடிக்கொடு" என்றார். அதற்கவர், "நடப்பது கால்தான், அண்ணே, உள்ளே வைத்தது இன்னும் நாராகவில்லை" என்று விடையிறுத்தார். அவ்வாண்டுத் தேர்வு அவரை விட்டுச் சென்றது. அன்றிரவு அவர் உண்ணவில்லை. யாமும் தேறுதல் கூற அறியாது வாளாவிருந்தோம். பதினான்காந் திங்களில் இயன்முறை மருத்துவர் இசைந்த பின்னரே களம் புகுந்தார். வேலை இன்னும் கைகூடவில்லை; கால் கூடிற்று.

பொறுத்தல் என்பது அசையாது கிடத்தலும் அன்று. 1974-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், எட்டு வாரம் அசையாது கட்டப்பட்ட குரங்குகளின் ஊறுபடாத முன் குறுக்குநாரும் தன் வலியில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்தது; அதனை ஏறத்தாழ மீட்க ஓராண்டு வேண்டியிருந்தது. அளவான இழுவிசையே நாரை நெய்யும் உயிரணுக்கட்கு ஏவல். அது மிகினும் கேடு, குறையினும் கேடு. எனவே நாளுக்கு நாள் சிறிதே ஏற்றும் பயிற்சியே மருந்தாகின்றது.

இளைய மாணவர்கட்கு ஒன்று கூறி முடிப்போம். குதித்திறங்கும்போது முழங்கால் உட்சாயாமல் மடங்கவும், தொடைத்தசைகள் உரம் பெறவும் வாரந்தோறும் பயில்வார்க்கு இத்தகைய ஊறுகள் பெரிதும் குறைகின்றன என்பது பல ஆராய்ச்சிகளின் துணிபு. அதற்குப் பந்தயத்திற்கு முன் கால்மணி நேரமே போதும். அந்நேரத்தை வீணென்று எண்ணாதீர். நார் அறுவது ஒரு நொடியில். அதனை நெய்வதற்கோ ஓராண்டும் போதாது.