கோபுரத்துக்கு ஏது தூக்குக்குண்டு?

ஸ்ரீரங்கம் தெற்கு ராஜகோபுரத்தைக் கடைத்தெருவில் நின்று எடுத்தேன். 236 அடி உயரம். கேமராவை நன்றாக அண்ணாத்திப் பிடித்தால்தான் 13 கலசமும் உள்ளே வரும். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், கோபுரம் மல்லாக்கச் சாய்ந்து கிடந்தது. இருபுறக் கடைகளும் அதன்மேல் கவிழ வருவதுபோல உள்ளே சரிந்திருந்தன.

காரணம் எளிது. கோபுரத்தின் அடி நமக்குக் கிட்டே, உச்சி தூரத்தில். தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரியும். கண்ணுக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் கட்டிடம் நிமிர்ந்துதான் நிற்கிறது என்று மூளை நமக்குச் சமாதானம் சொல்லிவிடுகிறது. கையகலப் படத்தைப் பார்க்கும்போது அந்தச் சமாதானம் எடுபடுவதில்லை.

இதற்கென்றே ஷிப்ட் லென்ஸ் இருக்கிறது. கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். விலையைக் கேட்டுவிட்டு ஜிம்ப் மென்பொருளைத் திறந்தேன், அது இலவசம். பெர்ஸ்பெக்டிவ் கருவியை எடுத்தால் படத்தின் நான்கு மூலைகளிலும் பிடி வரும். மேல் மூலைகளை வெளிப்பக்கமாக இழுத்தால் கட்டிடம் நிமிரும். சென்னை அண்ணா சாலையில் 1959-இல் திறந்த எல்.ஐ.சி. கட்டிடத்தில் ஏற்கெனவே பழகியிருந்தேன். மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடுகள். ஐந்து நிமிட வேலை.

அந்தத் தைரியத்தில் கோபுரத்தில் கை வைத்தேன். இழுத்தேன். இன்னும் சாய்வாகவே தெரிந்தது. மறுபடி இழுத்தேன். கடைசியில் ஒருவழியாகத் திருப்தி வந்து, ஸ்ரீரங்கத்திலேயே காலம் கழித்த அத்தையிடம் காட்டினேன்.

"இது எந்த ஊர்க் கோபுரம்டா? தலையில யாரோ உட்கார்ந்து அமுக்கின மாதிரி இருக்கே!"

அப்புறம்தான் உறைத்தது. கோபுரம் தானாகவே மேலே போகப் போகக் குறுகுவது. ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைவிடச் சிறிது. ஸ்தபதி வைத்த சரிவும் என் கேமரா கொடுத்த சரிவும் ஒரே கோட்டில் கலந்துவிட்டன. நான் இரண்டையும் சேர்த்து நிமிர்த்தியிருக்கிறேன்.

பிரித்துப் பார்க்க வழி, கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுக் கட்டியதைத் தேடுவது. கோபுரத்தின் அடியில் கருங்கல் சுவரில் இருக்கும் அரைத்தூண்கள், பக்கத்துக் கடைகளின் தூண்கள், வீட்டுச் சுவரின் விளிம்பு. (மின்கம்பத்தை நம்ப வேண்டாம். அது நிஜமாகவே சாய்ந்திருக்கும்.) அந்தத் தூண்கள் நேராகும்வரை மட்டும் இழுத்தேன். கோபுரத்தைப் பார்க்கவே இல்லை; அது தன்னால் தன் உருவத்துக்கு வந்தது.

இதிலும் சேதாரம் உண்டு. இழுத்த இடத்தில் பொம்மைகள் கொஞ்சம் மசமசக்கும். உருவம் குட்டையானால் உயரத்தையும் நீட்ட வேண்டும். ஓரங்கள் வெட்டுப்படும். முழுக்க நேராக்கினாலோ கட்டிடம் மேலே விரிந்த மாதிரி தோன்றும்; எல்.ஐ.சி.யே அப்படித்தான் தெரிந்தது. நான் இப்போது பத்தில் ஒரு பங்குச் சாய்வை விட்டுவைக்கிறேன். அத்தையும் ஒப்புக்கொண்டாள்.

கோபுரம் எடுக்கப் போகிறவர்கள் மேலே ஆகாயத்தையும் பக்கங்களில் இடத்தையும் தாராளமாக விட்டு எடுங்கள். ஓரத்தில் ஒரு கடைத்தூணாவது விழட்டும்.