இன்மையும் அறியாமையும்

இல்லை என்பது வேறு. தெரியவில்லை என்பது வேறு. மெய்யியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்த இவ்வேறுபாடு, இணையத்தில் அறிவைப் பதிந்துவைக்க முயலும் கணனியியலாளரையும் இன்று எதிர்கொண்டு நிற்கிறது.

புகையிரத நேர அட்டவணையிற் காணப்படாத வண்டி ஓடுவதில்லை எனப் பயணி முடிவுசெய்வார். அம்முடிவு தவறன்று, அட்டவணை முழுமையானது என்பதே அதற்கு ஆதாரம். கூறப்படாததைப் பொய்யெனக் கொள்ளும் இம்முறையினை 1978இல் றேமண்ட் றெய்ற்றர் 'மூடிய உலக எடுகோள்' என்ற பெயரில் அளவையியல் நெறிநின்று வரையறுத்தார்.

இணையமோ என்றும் முற்றுப்பெறாத ஏடு. எவரும் எதனைப் பற்றியும் எழுதலாம், எழுதாமலும் விடலாம். ஆதலால், உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2004இல் விதந்துரைத்த 'ஔல்' என்னும் அறிவுப் பதிவு மொழி, திறந்த உலக எடுகோளைத் தழுவியது. ஒரு புலவருக்கு இரு நூல்கள் பதியப்பட்டிருப்பதைக் கொண்டு, அவர் இரண்டே இயற்றினார் என்ற முடிவு அம்மொழியிற் பெறப்படாது. 2012இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவும் 'மதிப்பு இல்லை', 'மதிப்பு தெரியவில்லை' என்னும் இரண்டினையும் வெவ்வேறாகப் பதிய இடமளிக்கிறது.

தமிழ் மரபுக்கு இச்சிந்தனை புதிதன்று. மணிமேகலையும் சிவஞான சித்தியாரும் அளவைகளை எண்ணுமிடத்து 'அபாவம்' என்பதனையுங் குறிப்பிடுகின்றன. இன்மையை அறியும் இவ்வாயிலைத் தனியளவையாகக் கொண்ட குமாரில பட்டரின் மரபினர், அதற்கொரு நிபந்தனை விதித்தனர்: இருந்திருப்பின் புலப்பட்டிருக்கக்கூடிய பொருளின் இன்மையையே அவ்வாறு துணியலாம். வெளிச்சத்திலே தரையிற் குடம் காணப்படாவிடின் குடம் இல்லை. இருளில் அங்ஙனம் கூறுதல் பொருந்தாது.

இது வெறும் நுண்வாதம் அன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதியற்றவையும் அவற்றுள் இருந்தன. அத்தகைய நூலொன்றைத் தேடுவோருக்குப் 'பதிவு இல்லை' என விடைதரும் பொறி உண்மையே உரைக்கிறது. 'அப்படியொரு நூல் இருந்ததில்லை' என விடைதரும் பொறியோ, இருளில் நின்று குடத்தை மறுக்கிறது.

எனினும், எல்லாவற்றையும் திறந்தே விட்டால் எதனையும் மறுக்கவியலாது. ஓடாத வண்டிக்காகப் பயணி காத்திருக்க நேரும். எனவே எப்பட்டியல் முழுமையானது, எது குறையுடையது என்பதனையும் பட்டியலோடு சேர்த்தே எழுதிவைத்தல் வேண்டும். அதனைப் பொறி தானாக அறியாது. தொகுப்போர்தாம் நேர்மையுடன் கூறவேண்டும்.