கடைசிப் பந்தி

சமையற்காரரின் சாமர்த்தியத்தை அறிய வேண்டுமானால் கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரக் கூடாது. கடைசிப் பந்தியில் உட்கார வேண்டும். சாம்பார் ரசமாகி, ரசம் வெந்நீராகி, அப்பளம் நமத்துப் போய், அவருடைய வித்தையெல்லாம் அப்போதுதான் வெளிப்படும்.

வீட்டிலும் கடைசிப் பந்தி உண்டு. அது பெரும்பாலும் ஒற்றை இலைப் பந்தி. அதில் உட்காருகிறவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாத்தாங்காட்டில் எங்கள் வீட்டில் அந்த இலையைப் போட இரவு பத்தரை ஆகிவிடும். என் மனைவிக்கு மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரண்டாம் ஷிப்டு வாரங்களில் அடுப்பு என் வசம். பெண்ணுக்கோ எட்டு மணிக்கே பாஸ்தா வேண்டும்.

பாஸ்தா ஒன்றும் கம்ப சூத்திரம் அல்ல. 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. இது இத்தாலியர் கணக்கு. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே போட வேண்டும். பாக்கெட்டில் கண்ட நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்பே ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தால் வடித்துவிடலாம். வடித்த கஞ்சியில் ஒரு கரண்டி விட்டுத் தக்காளிக் குழம்போடு வாணலியில் புரட்ட வேண்டும். அந்தக் கஞ்சியின் மாவுச்சத்துத்தான் குழம்பைப் பாஸ்தாவோடு பிடிக்க வைக்கிறது. ஆகவே, வடித்ததைக் கழுவுவது மகாபாவம் என்பார்கள்.

எட்டு மணிக்கு அமிர்தந்தான். பத்தரைக்கு? குழம்பையெல்லாம் குடித்துவிட்டு, ஊதிப் போய், களி மாதிரி கிடக்கும்.

இதற்கு வழி ரோமாபுரியில் இல்லை. நம் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. அத்தோக் கடைகளைச் சொல்கிறேன். பர்மாவில் 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமை ஆயின. அந்த மே மாதமே 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமற் போயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். 1969-ல் அவர்கள் பிழைப்புக்காகப் பர்மா பஜார் ஏற்பட்டது. நகையும் ரொக்கமும் போனாலும், கைப்பக்குவம் யாராலும் பறிமுதல் செய்யப்படாமல் வந்து சேர்ந்தது. பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் கையால் பிசறியது என்று அர்த்தம்.

அந்தப் பக்குவத்தைப் பாருங்கள். நூடுல்ஸை வடித்தவுடன் குளிர்ந்த நீரில் அலசி, எண்ணெய் தடவி ஆற வைக்கிறார்கள். இத்தாலியருக்குப் பாவம், இவர்களுக்குப் புண்ணியம்! மேல் மாவு போய்விடுவதால் இழைகள் ஒட்டுவதில்லை. சூடு தணிவதால் மேற்கொண்டு வேகுவதும் நின்றுவிடுகிறது. புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், பச்சை முட்டைக்கோஸ் எல்லாம் தனித்தனியே காத்திருக்கும். ஆள் வந்த பிறகே அவருக்கென்று ஒரு தட்டுப் பிசறுவார்கள். கடை கட்டும் நேரத்தில் வருகிறவருக்கும் முதலில் வந்தவரின் ருசியே கிடைக்கும்.

இந்த வித்தையை நான் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். பெண்ணின் பங்கு இத்தாலிய முறையில். மனைவியின் பங்கை ஒரு நிமிஷம் முன்னதாகவே எடுத்து, அலசி, எண்ணெய் தடவி மூடி வைக்கிறேன். குழம்பு வேறு பாத்திரத்தில்; கஞ்சியிலும் ஒரு கரண்டி அவளுக்காக ஒதுக்கியாகிவிடும். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் கொதிநீரில் அரை நிமிஷம் முக்கி எடுத்து, குழம்பும் கஞ்சியும் சேர்த்துப் புரட்ட வேண்டியதுதான்.

முதல் நாள் அவள் தட்டிலிருந்து ஆவி பறப்பதைப் பார்த்துவிட்டு, "நீங்கள் இன்னும் சாப்பிடவில்லையா?" என்று கேட்டாள்.

புதிதாகச் செய்தது என்றால் அது வேறு யாருக்கோ இருக்க வேண்டும் என்று இத்தனை வருஷங்களில் அவளுக்குப் பழகிப் போயிருக்கிறது.

"சாப்பிட்டாயிற்று. இது உனக்குத்தான்" என்று சொல்லி, மிளகுப் பொடியை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.