முதல் செமஸ்டர் குறிப்புகள்

அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்துகிறேன். புதிய முதலாண்டு வகுப்பைப் பார்க்கும்போதெல்லாம் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கும். பாடத்துக்கே மணி போதாது. அவ்வப்போது நோட்டில் குறித்து வைத்தவற்றை இங்கே தருகிறேன். வரிசை கிடையாது. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியவை.

*

பள்ளியில் இரண்டு நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் அப்பாவுக்குப் போன் செய்வார். ரெக்கார்டு நோட்டு முடிக்காவிட்டால் உட்கார வைத்து முடிக்கச் செய்வார். கல்லூரியில் அப்படித் தேடி வர ஆள் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஆசிரியர். அடுத்த மணிக்கு வேறொருவர். உங்கள் முகம் வாடியிருப்பது யார் கண்ணிலும் படாமலே ஒரு செமஸ்டர் ஓடிவிடும். உதவித்தொகை, விடுதி, இலவச பஸ் பாஸ், நூலகம், சந்தேகம் தீர்க்க ஆசிரியர் என எல்லாம் இங்கே உண்டு. ஒவ்வொன்றும் வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும். இந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப இதையேதான் சொல்லப் போகிறேன்.

*

தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 22 நாள்வரை விடுப்பு எடுக்கலாம். கேட்கும்போது தாராளமாகத் தோன்றும். ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம், காய்ச்சல், பஸ் வராத மழை நாள் என்று போனால் தீபாவளிக்கு முன்பே தீர்ந்துவிடும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வருகைக் குறைவுக்கான கண்டோனேஷன் கட்டணத்தைக் கட்டிவிட்டு எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்த முறை எழுத முடியாது. இன்னும் குறைந்தால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டிவரும். உடம்பு சரியில்லாமல் போனால் மருத்துவச் சான்றிதழை அந்த வாரமே துறைத்தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கொண்டுவரும் சான்றிதழுக்கு மதிப்பு குறைவு.

*

பல கலை அறிவியல் கல்லூரிகளில் இன்டெர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 மதிப்பெண். பாஸ் மார்க் 40. ஆனால் அந்த 75-லும் தனியாக ஒரு குறைந்தபட்சம் வாங்கியாக வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. இன்டெர்னலில் முழுதாக 25 வாங்கிவிட்டு, தேர்வில் அந்த அளவைத் தொடாமல் அரியர் விழுந்த பிள்ளைகள் வந்து காரணம் கேட்பார்கள். உங்கள் கல்லூரியின் விதி என்ன என்று முதல் மாதமே தெரிந்துகொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் கணக்கு வேறு. பொறியியலில் பாஸ் மார்க்கே 50.

*

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகளைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் பெயர் கேட்டால்கூடக் குனிந்துகொள்வார்கள். பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இன்டெர்னல் தாளைத் திருத்தும்போதுதான் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒன்றும் எட்டவில்லை என்பது தெரியும். பிளஸ் டூவில் கணக்கில் பள்ளி முதலாக வந்த பெண், முதல் இன்டெர்னலில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள்.

அவளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. முதல் செமஸ்டரில் வருகிற வகையீடும் தொகையீடும் அணிகளும் அவள் பிளஸ் டூவில் போட்டுத் தள்ளியவைதான். பெயர்கள் எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டன; கேள்வி என்ன கேட்கிறது என்பதே பிடிபடவில்லை. இதற்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு, செய்த பிள்ளைகளுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11, 12-ஆம் வகுப்புப் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாட வரிசையில் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலவழிப் புத்தகத்தை எடுத்து, உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தை அதில் படியுங்கள். பக்கத்தில் உங்கள் பழைய தமிழ்ப் புத்தகம் திறந்திருக்கட்டும். விஷயம் தெரியும், மொழி மட்டும் புதிது என்பதால் பயம் சீக்கிரம் விடும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போட்டு இந்தப் பக்கம் தமிழ்ச் சொல், அந்தப் பக்கம் ஆங்கிலச் சொல் என்று நாளுக்கு ஐந்தாறு எழுதி வாருங்கள். பொங்கலுக்குள் வகுப்பில் நடப்பது காதில் ஏறத் தொடங்கிவிடும். இயற்பியல், வேதியியல், வணிகவியல், பொருளியல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள். ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்துக்கொண்டிருப்பதற்குள் ஆசிரியர் அடுத்த பலகைக்குப் போய்விடுவார். எந்த ஆசிரியரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபிப்பவர் இருந்தால் அடுத்தவரிடம் போங்கள். கலை அறிவியல் படிப்புகள் பலவற்றில் செமஸ்டர் தேர்வைத் தமிழில் எழுதவும் வழி இருக்கிறது. உங்கள் துறையில் எப்படி என்று கேட்டு வையுங்கள். வரலாறு, அரசியல், பொருளியல் படிப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: 1960-களிலும் 70-களிலும் பட்டப்படிப்புக்கென்றே அரசு தமிழில் வெளியிட்ட பாடநூல்கள் பல, தமிழ் மின் நூலகத் தளத்தில் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. பழையவை என்று தள்ளிவிடாதீர்கள். அடிப்படைகளை நல்ல ஆசிரியர்கள் பொறுமையாக எழுதியிருக்கிறார்கள்.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. சரளமாக ஆங்கிலம் பேசுகிற மாணவரிடமே கேள்வி கேட்டு, அவரிடமே பதில் வாங்கி, வகுப்பு நன்றாகப் போனது என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட வேண்டும்.

*

பார்ட் ஒன் தமிழை யாரும் பொருட்படுத்துவதில்லை. "தமிழ்தானே சார், கடைசி நாள் பார்த்துக்கலாம்" என்பார்கள். பட்டச் சான்றிதழ் வாங்க முடியாமல் மூன்றாம் ஆண்டுக்குப் பிறகும் வருகிறவர்களில் சிலர் தமிழ்த் தாள் அரியரோடு வருகிறார்கள். மேஜர் பாடங்கள் எல்லாம் பாஸ். செய்யுளும் இலக்கணமும் ஒரே இரவில் வராது. வாரத்தில் ஒரு மாலை போதும், ஆனால் எல்லா வாரமும் வேண்டும்.

*

சான்றிதழ்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார், பள்ளியில் தந்த எமிஸ் எண், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இவை ஒரு கோப்பில் எப்போதும் தயாராக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் முருகேசன், இன்னொன்றில் முருகேஷ் என்றிருந்தால் பணம் வந்து சேர மாதக்கணக்கில் இழுக்கும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். இவை தவிர ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் கல்வி உதவித்தொகைகள் தனி. ஒன்று கிடைக்கிறது என்பதால் மற்றொன்று கிடைக்காது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஆபீசில் போய்க் கேளுங்கள். சன்னலில் இருப்பவர் சிடுசிடுத்தால் மறுநாளும் போங்கள். அந்தப் பணம் உங்களுடையது.

இன்னொன்று. சேர்க்கையின்போது கொடுத்த அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் கல்லூரி திருப்பித் தந்துவிட வேண்டும். பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. தனியார் கல்லூரியில் சேர்ந்திருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

*

முகூர்த்த நாளில் என் வகுப்பில் பின் இரண்டு வரிசை காலியாக இருக்கும். பையன்கள் கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பார்கள். முந்தைய மாலை வேனில் ஏறி, ரிசப்ஷன் பந்தியில் பரிமாறி, காலைப் பந்தியும் முடித்து அப்படியே வகுப்புக்கு வந்து தூங்கி விழுகிறவர்களும் உண்டு. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வராது. பீஸ் கட்டுவதற்கும், வீட்டில் தங்கைக்கு நோட்டு வாங்குவதற்கும் அந்தப் பணம்தான். வேலைக்குப் போகாதே என்று சொல்ல மாட்டேன். அடுத்தடுத்து இரண்டு இரவுகள் ஒத்துக்கொள்ளாதீர்கள். தேர்வுக்கு முந்தைய இரவு வேண்டாம். கூலியை அன்றே வாங்கிவிடுங்கள். நீங்கள் வேலை பார்த்துப் படிக்கிறவர் என்பதை உங்கள் பாட ஆசிரியர் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். தெரிந்தால் நோட்டு தருவோம், விட்ட பாடத்தை மாலையில் சொல்லித் தருவோம். தெரியாவிட்டால் உங்களைச் சோம்பேறி என்றே எண்ணிக்கொண்டிருப்போம்.

பணம் என்றதும் ஓர் எச்சரிக்கை. "உன் பேங்க் அக்கவுண்ட்டை மட்டும் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்" என்று யாராவது வந்தால் ஓடிவிடுங்கள். சைபர் மோசடிப் பணத்தைக் கடத்த மாணவர் கணக்குகளைத் தேடுகிறார்கள். காவல் துறை முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். லோன் ஆப் பக்கமும் போகாதீர்கள்.

*

சென்னையில் "ரூட்டு தல" என்றொரு பெருமை உண்டு. பஸ் ரூட்டுக்கு ஒரு தலைவன், அவனுக்குப் பின்னால் ஒரு கூட்டம், ரயில் நிலையத்தில் அடிதடி. தெற்கே சில ஊர்களில் கையில் சாதிக் கயிறு. இரண்டிலும் முதலாண்டுப் பையனைத்தான் முன்னால் தள்ளுகிறார்கள். ஒரு எப்ஐஆரில் பெயர் ஏறிவிட்டால், பின்னால் காவலர் தேர்வில் ஓடி, கயிறு ஏறி, எழுத்துத் தேர்விலும் வென்ற பிறகு, சரிபார்ப்பில் அந்த வழக்கு எழுந்து நிற்கும். அப்போது அந்தத் தலைவன் எங்கே இருப்பான் என்று யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் சேராமல் தனியாகப் பஸ் ஏறுகிறவனைக் கோழை என்பார்கள். சொல்லட்டும். அவன்தான் அங்கே தைரியசாலி.

*

1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவம் முதலாண்டு படித்த மாணவர் நாவரசு, சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் பிறகே, 1997-இல், தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம். பாட்டுப் பாடச் சொன்னான், அதற்கென்ன என்று விட்டுவிட வேண்டாம். உங்களுக்கு அவமானமாக இருந்தால் அது ராகிங்தான். யுஜிசியின் இலவச உதவி எண் 1800-180-5522, இரவிலும் எடுப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு: ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் தொல்லையை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் பாருங்கள். பெயர்கள் இல்லையென்றால் ஏன் இல்லை என்று நான்கு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

*

நூலகத்துக்குப் போங்கள். கைடும் ஜெராக்ஸ் கடை நோட்ஸும் பாஸ் மார்க் வரை இழுத்துச் செல்லும், அதற்கு மேல் நகராது. கல்லூரி நூலகம் சீக்கிரம் பூட்டிவிட்டால் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சென்னைப் பிள்ளைகளுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். மதுரையில் 2023 ஜூலை முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய் உட்கார்ந்து படிக்கவும் இடம் உண்டு. ஒற்றை அறை வீட்டில் டிவி சத்தத்துக்கு நடுவே படிக்கிறவர்களுக்கு அமைதியான நாற்காலி ஒன்று கிடைப்பது பெரிய விஷயம்.

*

என்எஸ்எஸ், என்சிசி இரண்டில் ஒன்றில் சேருங்கள். என்எஸ்எஸ்ஸின் ஏழு நாள் முகாமில் பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். என்சிசி 'சி' சான்றிதழுக்குப் படைகளின் வேலைவாய்ப்பில் மதிப்பு இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் நினைத்துக்கொண்டால் காலம் கடந்திருக்கும்.

*

முதலாண்டில்தான் அதிகமான பிள்ளைகள் டிசி கேட்டு வருகிறார்கள். தேர்வுக் கட்டணம் கட்டப் பணமில்லை, அப்பாவுக்கு விபத்து, மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள், இங்கிலீஷ் வரவில்லை, நாலு அரியர். காரணங்கள் உண்மையானவை. ஆனால் எங்களுக்கு அவை தெரிய வருவது டிசியில் கையெழுத்து வாங்க வரும் அன்றைக்குத்தான். கட்டணத்துக்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்ய முடியும். வீட்டாரிடம் பேச முடியும். பேசி நிறுத்திய கல்யாணங்கள் உண்டு. அரியர் ஐந்தாம் செமஸ்டருக்குள் முடித்துவிடக்கூடிய சங்கதி. ஒரு முறை வெளியே போனவர் திரும்பி வருவது அபூர்வம். எனவே விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போகும் முன், துறைக்கு வந்து எங்களில் ஒருவரிடம் பேசிவிட்டுப் போங்கள்.