தேங்காயெண்ணெய் வெளிச்சத்தில் ஒரு வேதம்

சென்ற இதழில் கோட்டைக் கொச்சியின் சீன வலைகளோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோவில் சிறிது நேரம்தான். சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குகளைத் தாண்டினால், ஜூ டவுன் தெரு ஒரு மணிக்கூண்டின் அடியில் போய் முடிகிறது. அங்கே நிற்கிறது பரதேசி ஜெபாலயம். கட்டிய ஆண்டு 1568. பக்கத்திலேயே அரண்மனை, அதன் வளாகத்தில் பகவதி கோயில். கொடுங்கல்லூரை விட்டு இடம்பெயர்ந்து வந்த யூதர்களுக்குக் கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார்.

சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை; நான் போனது ஒரு புதன்கிழமை காலை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உலகின் பெரும்பாலான ஜெபாலயங்களில் இந்த வழக்கம் கிடையாது. பாதத்தில் படுவது பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து கப்பலில் வந்த, கையால் வரைந்த நீல வெள்ளை ஓடுகள். தலைக்கு மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பி சூழ்ந்த வாசிப்பு மேடை. மேல்தளத்திலும் இன்னொரு மேடை இருக்கிறது. கேரள ஜெபாலயங்களுக்கே உரிய அமைப்பு இது. விசேஷ நாட்களில் தோரா என்னும் யூத வேதத்தை அங்கிருந்து வாசிப்பார்கள்.

இந்தச் சமூகத்தின் பெருஞ்செல்வம் ஒரு செப்பேடு. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வழங்கியது. வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். பகல் விளக்கு, பல்லக்கு, குடை, பறை, தோரணம் என்று அதில் வரும் உரிமைகளைத் தமிழர் யாரும் உரை தேடாமலே புரிந்துகொள்வார்கள்.

ஆனால் ஒரு மதம் ஆயிரம் ஆண்டு தாக்குப்பிடிக்கச் செப்பேடு மட்டும் போதாது. கொச்சி யூதர்களின் நம்பிக்கையை அன்றாடம் காத்தது அவர்களுடைய அடுக்களை என்று நான் நினைக்கிறேன்.

பஸ்காப் பண்டிகை மார்ச், ஏப்ரலில் வரும். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து முன்னோர் விடுபட்டதை நினைக்கும் நாட்கள் அவை. புளித்த மாவின் துணுக்குகூட வீட்டில் இருக்கக் கூடாது. இங்கிருந்த பெண்களோ, டிசம்பர் வாக்கில் ஹனுக்காப் பண்டிகை முடிந்த கையோடு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வார்கள், அரிசியைப் பொறுக்குவார்கள், பஸ்காவுக்கென்றே ஒதுக்கிய பாத்திரங்களை எடுத்துத் துலக்குவார்கள். இத்தனையும் ஒரு வாரப் பண்டிகைக்காக. அந்த வைராக்கியத்தை எண்ணும்போது கைகூப்பத் தோன்றுகிறது.

இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணக் கூடாது என்பது யூத விதி. கேரளத்தில் அதனால் ஒரு குறையும் வரவில்லை. தேங்காய்ப்பால் விலங்கின் பால் ஆயிற்றா என்ன? கோழிக் குழம்பு கெட்டியாகவே கொதித்தது. ஓய்வுநாள் ஆசீர்வாதத்துக்குத் திராட்சை ரசம் வேண்டும். திராட்சை விளையாத ஊரில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து ரசம் எடுத்தார்கள். விளக்குகளில் எரிந்தது தேங்காயெண்ணெய். விதியில் இம்மியும் விட்டுக்கொடுக்காமல், இந்த மண் தந்ததைக் கொண்டே அதை நிறைவேற்றினார்கள்.

ஆண்டு முழுதும் வாசித்த தோராவை முடித்து மறுபடி தொடங்கும் நாள் சிம்ஹத் தோரா. கொச்சியில் அதுதான் ஆகப்பெரிய கொண்டாட்டமாக இருந்தது. உள்ளே மல்லிகைச் சரங்களைத் தொங்கவிடுவார்கள்; வெளியே அடுக்கு விளக்குத் தண்டில் தீபம் ஏற்றுவார்கள். மதியத்துக்கு மேல் தோராச் சுருள்களை ஏந்திப் பாடிக்கொண்டே ஜெபாலயத்தை வெளியே வலம்வருவார்கள். இப்படி வெளியே சுற்றிவருவது கொச்சியின் தனி வழக்கம். தேர்த் திருவிழா கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த உற்சாகத்தை விளக்க வேண்டியதில்லை.

பெண்களுக்குத் தனியே ஒரு பாட்டுச் செல்வம் இருந்தது. வேதக் கதைகளையும் கல்யாண வாழ்த்துகளையும் மலையாளத்தில் பாடி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துத் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தார்கள். ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் அவற்றைத் தொகுத்து, எபிரேய மொழிபெயர்ப்போடு 2005இல் 'கார்குழலி' என்ற நூலாக்கினார்கள்.

இந்தப் பரதேசி ஜெபாலயத்தின் கதையில் ஒரு வேதனையும் உண்டு. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு அன்று இங்கே சரிநிகர் இடம் இருக்கவில்லை. அந்த வழியில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சென்னையில் சட்டம் படித்து, கொச்சி யூதர்களில் முதல் வழக்கறிஞரானார். 1929இல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனார். இந்தப் பாகுபாட்டை எதிர்த்துத் தம் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. அடிமைத்தளை அறுந்ததைப் பஸ்காவில் ஆண்டுதோறும் கொண்டாடும் மதத்தில், அந்தப் பண்டிகையின் பொருளை அவரைவிட ஆழமாக வாழ்ந்து காட்டியவர் இந்தத் தெருவில் வேறு யாரென்று எனக்குத் தெரியவில்லை.

1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நெவாத்திம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் நிலைகொண்டார்கள். இதே தெருவிலிருந்த கடவும்பாகம் ஜெபாலயத்தின் மரவேலைப்பாடுகள் இன்று ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். மட்டாஞ்சேரியிலோ இன்று அத்தனை பேர் இல்லை. வெளியூர் யூதர்கள் வந்து சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு நிறைகிறது.

அடுத்த இதழில் வடக்கே பரவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போகிறோம். பரவூர் ஜெபாலயத்தைப் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டின் ஒரு கல்லறைக்கல் இருக்கிறது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் அதுவே மிகப் பழையது என்கிறார்கள். அதில் பொறித்திருப்பது இஸ்ரேல் என்பவரின் மகள் சாரா என்ற பெண்ணின் பெயர்.