நெடுந்தீவில் ஓர் இரவு

வெள்ளவத்தையில் நாம் தங்கியிருந்த நண்பர் இல்லத்தில் இணையம் குழாய்த் தண்ணீரைப் போன்றது. கண்ணாடியிழை வடம் சுவர் வரை வந்திருக்கிறது. மூன்று பிள்ளைகள் மூன்று அறைகளிலிருந்து படம் பார்த்தாலும் தடையில்லை. கட்டணம் செலுத்தும் நாளன்றி நண்பருக்கு அதன் நினைவே வருவதில்லை.

மறுநாள் இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் சேர்ந்தோம். பண்ணை, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினோம். ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடற்பயணம். காற்று எழுந்தால் அதுவே ஒரு நாளாகத் தோன்றும்.

நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளையும் பெருக்குமரத்தையும் மட்டக் குதிரைகளையும் பற்றி எழுதாதார் இல்லை, அவற்றை விட்டுவிடுவோம். நாம் கண்ட புதுமை வேறு. எம்மை வரவேற்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில், மேற்குப்புற யன்னற் கம்பியில் ஒரு பனையோலைப் பெட்டி தொங்கியது. உள்ளே இணையக் கருவி! உப்புக்காற்றுப் படாதிருக்க மாமி இழைத்த பெட்டி. வாசகர் நகைக்கலாம், அவ்வீட்டில் கோபுரத்தின் அலை எட்டும் இடம் அந்த யன்னல் ஒன்றுதான்.

ஆசிரியரின் பேத்தி உயர்தர வகுப்பு மாணவி. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரிடம் மாலையில் இணைய வழியாகப் பாடம் கேட்கிறாள்.

"ஏழு மணிக்கு எல்லாரும் பாவிப்பினம், மாமா. சேர் வாய் திறந்தபடியே நிண்டுடுவார்," என்றாள்.

காரணம் எளிது. கண்ணாடியிழையில் ஒளி வீட்டுக்குள்ளேயே வந்து சேர்கிறது. கோபுரத்தின் வலுவையோ ஊரார் யாவரும் பங்கிட வேண்டும். மாலையில் பங்கு சிறுக்கும். விலைப்பட்டியலில் மட்டும் நகரம், தீவு என்ற பேதம் இல்லை. அவள் வாங்கும் அளவுக்குக் கொழும்புப் பிள்ளையும் அதே பணந்தான் கொடுக்கிறது. ஆனால் அறுந்த பாடத்தை மீண்டும் இறக்கும்போது அளவும் மீண்டும் கழிகிறது. ஒரு பாடத்திற்கு இரு விலை!

"அரிசி விலையிலை உமியும் சேர்த்து வாங்கிறம்," என்றார் ஆசிரியர்.

இலங்கையை உலகோடு பிணைக்கும் கடலடி வடங்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை ஆகிய கரைகளிலேயே ஏறுகின்றன. இந்தியக் கரை இத்தீவுக்கு எவ்வளவோ அண்மை. செய்தியோ தெற்கே சென்றுதான் உலகை அடைகிறது. தீவுக்கு மட்டுமே உரிய குறையுமன்று இது. 2021 இல் ஊவாவின் போகிட்டியாவ என்ற சிற்றூரில் மாணவர் மலையுச்சி ஏறிப் பாடம் கேட்டதை உலகப் பத்திரிகைகள் எழுதின.

2025 யூலையில் ஸ்டார்லிங்க் சேவை இலங்கைக்கு வந்தது. சுமார் 550 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதிகளுக்குக் கடலும் தடையன்று. எனினும் தொடங்கியபோது கருவிக்கு 118,000 ரூபா. மாதந்தோறும் 15,000 ரூபா. ஆசிரியர் விரல்விட்டுக் கூட்டினார். முதலாண்டுக்கே ஏறக்குறைய மூன்று இலட்சம்! ஓய்வூதியத்தை எண்ணிக் கையை மடக்கிக்கொண்டார்.

நள்ளிரவுக்குப் பின் கோபுரம் ஓயும். பேத்தி அந்நேரத்திற்கே காத்திருந்து பதிவான பாடத்தை இறக்குகிறாள். எமக்கும் உறக்கம் வரவில்லை.

விடியற்காலைப் படகுக்கு நாம் புறப்பட்டபோது நூற்றுக்கு எண்பது பங்கு இறங்கியிருந்தது. பிள்ளை கொப்பியின்மேல் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தாள். மாமி வந்து விளக்கை அணைத்தார். யன்னற் பெட்டியை மட்டும் தொடவில்லை.